இன்சுலின் போடாதவர் தினமும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டுமா?

கரூர்க்காரி: அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான். விடிந்ததும் குளுக்கோமீட்டரோடு உட்கார்ந்துவிடுகிறார். 118 வந்தால் சிரிப்பு. 142 வந்தால் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு நாள் முழுக்க முகம் வாடிக் கிடக்கிறார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.8% தான். தினமும் பார்ப்பது அவசியமா?

ஓய்வு வாத்தியார்: அவசியம்தான் அம்மா. மூன்று மாதச் சராசரி பரீட்சை முடிந்து வரும் மார்க். மீட்டர் அன்றன்றைக்குச் சொல்லும். நான் ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன்.

வார்டு அக்கா: நான் செவிலியர். இதில் ஐயாவோடு ஒத்துப்போக முடியவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். முடிவு 2017இல் வந்தது. தினமும் குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் மூன்று மாதச் சராசரியில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. இன்னொன்று, ரத்தத்தில் உண்மையான அளவு 130 என்றால், மீட்டர் 111 முதல் 149 வரை எதைக் காட்டினாலும் தர விதிப்படி சரிதான். கரூர்த் தங்கையின் அப்பாவுக்கு 118 வந்த நாளும் 142 வந்த நாளும் உண்மையில் ஒரே அளவாக இருந்திருக்கலாம்!

ஓய்வு வாத்தியார்: எண்ணைப் பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதானே கேள்வி? வெண்பொங்கலுக்கு முன் எனக்கு 124, இரண்டு மணி நேரம் கழித்து 231. மறு வாரம் பாதிப் பொங்கல், கூடவே ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல்: 172. எந்த டாக்டர் சொல்லியும் குறையாத பொங்கல் அன்றைக்குத்தான் குறைந்தது.

வார்டு அக்கா: அதை முழு மனதோடு ஏற்கிறேன் ஐயா. ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்தீர்கள். வெறும் வயிற்றில் தினமும் ஒரு எண் எடுப்பது வேறு. அந்த எண்ணைப் பார்த்து அப்பா எதையும் மாற்றுவதில்லை, பட்டினிதான் கிடக்கிறார்.

டிராவல்ஸ் வேன்: எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். நானும் இன்சுலின் போடுவதில்லை, ஆனால் கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். ஒரு நாள் சவாரியில் மதியச் சாப்பாடு தள்ளிப்போய், வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. ஓரம் கட்டிப் பார்த்தால் 58. பின் சீட்டில் ஆறு பேர்.

வார்டு அக்கா: நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் தம்பி, ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே. அந்த மாத்திரை சர்க்கரையைத் தாழ இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் மிகக் குறைவு. காய்ச்சல் வந்தாலோ ஸ்டீராய்டு கொடுத்தாலோ அப்பாவும் பார்க்கட்டும். மீட்டரை மட்டும் ஒளித்துவைக்காதீர்கள் தங்கை.

ஓய்வு வாத்தியார்: நான் தினமும் பார்ப்பதை விடப்போவதில்லை.

கரூர்க்காரி: அந்த 130 கணக்கை அப்பா நம்பவில்லை. கையைக் கழுவிவிட்டு அடுத்தடுத்து இரண்டு முறை குத்தினார்: 127, 139. கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நான்கு இட்லி சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூரிக்கு முன்னும் பின்னும் பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.