திறந்தவெளிச் சமையலறை: இந்த ஒப்பந்ததாரரை நம்பலாமா?

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் ஒரு சமையலறை கட்டலாம் என்று இருக்கிறோம். பேசி வைத்திருக்கும் ஒப்பந்ததாரர்மேல் மனம் ஒட்டவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதிப்பீடு என்று ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தார். பொருள், கூலி என்று பிரித்துக் கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிறார். ஸ்டீல் 304 ரகமா, துருவை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகமா என்றதற்கு, "எல்லாம் ஸ்டீல்தானே" என்று சிரித்தார். மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போவது அல்லவா!

என்னை அதிகம் உறுத்துவது கேஸ் விஷயம்தான். சிலிண்டர் வைக்கும் அலமாரியை நாலு பக்கமும் மூடி வரைந்திருக்கிறார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அடியில் காற்றுப்போக்கி எங்கே என்று கேட்டேன். பென்சிலை எடுத்து அங்கேயே ஒரு சின்னக் கட்டம் போட்டுவிட்டு, "சரியா?" என்றார். நான் கேட்காமல் இருந்திருந்தால்?

அப்புறம், பாதிப் பணத்தை இந்த வாரமே முன்பணமாகக் கேட்கிறார். முன்பு செய்த வேலை எதையும் நேரில் காட்டவில்லை. கைப்பேசியில் படம் மட்டும்தான்.

நான்தான் அதிகமாகச் சந்தேகப்படுகிறேனா, இல்லை இப்போதே விலகிவிடுவது நல்லதா? ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுதி வாங்கினீர்கள்? பணத்தை எத்தனை தவணையாகக் கொடுத்தீர்கள்?