எங்க வீட்டுக் குழு: மாமா அனுப்பின பவுடர் விளம்பரம்

முருகேசன் மாமா: [பலமுறை பகிரப்பட்டது] டி-ரைபோஸ் பவுடர்! தினமும் ஒரு ஸ்பூன்! தேய்ந்த டிஎன்ஏ சரியாகும், இளமை திரும்பும்!!

முருகேசன் மாமா: சாந்தி, நீ லேப்ல இருக்கியே. ஒரு டப்பா வாங்கலாம்னு பாக்கேன்

சாந்தி சித்தி: அண்ணே, பொறுங்க. ரைபோஸ் ஆர்என்ஏ-ல (டிஎன்ஏ-வைப் பாத்துச் செல் எடுக்கிற நகல்) உள்ள சர்க்கரை. டிஎன்ஏ-ல இருக்கது டிஆக்சிரைபோஸ். விளம்பரம் எழுதினவருக்கே அது தெரியல

அம்மா: டிஎன்ஏ-ல சர்க்கரையா?? அண்ணனுக்கு சுகர் வந்தது அதனாலதானா

சாந்தி சித்தி: அக்கா 😂 அது குளுக்கோஸ், 6 கார்பன். இதுல 5தான். இந்தச் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாத்தி மாத்திக் கோத்ததுதான் டிஎன்ஏ இழையோட முதுகெலும்பு

கவின்: ரைபோஸ்ல ரெண்டாவது கார்பன்ல ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும்), டிஆக்சில அங்க வெறும் ஹெச் (ஹைட்ரஜன்). பரீட்சைக்குப் படிச்சாச்சு. ஒரு ஆக்சிஜன் போனா என்ன பெருசா ஆயிரும் சித்தி?

சாந்தி சித்தி: அங்கதான்டா விஷயமே. அந்த ஓஹெச் பக்கத்துல இருக்க பாஸ்பேட்டைத் தாக்கும், இழை அந்த இடத்துலயே அறுந்துரும். காரக் கரைசல்ல போட்டா இன்னும் வேகம். டிஎன்ஏ-ல தாக்குறதுக்கு அந்த ஓஹெச்சே கிடையாது. சைபீரியப் பனியில கிடந்த மாமத் பல்லுல இருந்து 10 லட்சம் வருஷத்துக்கு முந்தின டிஎன்ஏ-வை 2021-ல படிச்சுட்டாங்க

சாந்தி சித்தி: ஆர்என்ஏ எடுக்கிற அன்னைக்கு எனக்கு உசுரே போகும். கிளவுஸ், ஐஸ், எல்லாம் வேணும். நம்ம தோல்ல இருக்க ஆர்என்ஏஸ் என்சைம் பட்டாலே முடிஞ்சுது. அதுவும் அந்த ஓஹெச்சை வச்சுத்தான் வெட்டுது

கவின்: ஓ, ஃபைசர் ஊசியை மைனஸ் 70 டிகிரில வச்சது இதுக்குத்தானா

சாந்தி சித்தி: ஆமா, அது எம்ஆர்என்ஏ, எந்தப் புரதம் செய்யணும்னு செல்லுக்குச் சொல்ற ஆர்என்ஏ. சுத்தி இருக்க கொழுப்பு உறையும் ஒரு காரணம். நாம போட்ட கோவிஷீல்டுக்குள்ள டிஎன்ஏ, சாதாரண ஃபிரிட்ஜ் போதும்

கவின்: அப்ப ஆர்என்ஏ வேஸ்ட்டா 😅

சாந்தி சித்தி: போடா. எம்ஆர்என்ஏ சீக்கிரம் அழியலேன்னா செல் தேவையில்லாத புரதத்தைச் செஞ்சுகிட்டே கிடக்கும்

முருகேசன் மாமா: ரெண்டு பேரும் பாடம் நடத்துனது போதும். என் டப்பா?

சாந்தி சித்தி: வேண்டாம்ணே. ரைபோஸை உடம்பே குளுக்கோஸ்ல இருந்து செஞ்சுக்கும். அதுல ஆக்சிஜனை எடுக்கதுக்கும் செல்லுக்குள்ளயே என்சைம் இருக்கு, தேவைக்குத்தான் செய்யும். ஸ்பூன்ல அள்ளித் தின்னு டிஎன்ஏ-வைச் சரி பண்ண முடியாது

சாந்தி சித்தி: முக்கியமா, ரைபோஸ் ரத்தத்துல சர்க்கரையைக் குறைக்கும். நீங்க சுகர் மாத்திரை போடுறீங்க. ரெண்டும் சேந்தா லோ சுகர் ஆகி மயக்கம் வரலாம். டாக்டரைக் கேக்காம தொடாதீங்க

அம்மா: அண்ணே, கேட்டுதா?

முருகேசன் மாமா: நேத்தே பணம் கட்டிட்டேன்

அம்மா: 🤦‍♀️

கவின்: ஆர்டர் நம்பரை எனக்குத் தனியா அனுப்புங்க மாமா, கேன்சல் ஆகுதான்னு பாக்கேன்