அப்பாவுக்கு எலக்ட்ரிக் பிரஷ்: செல் போடுவதா, சார்ஜ் செய்வதா?

சாரல்வீடு எழுதியது:

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 74. முடக்குவாதத்தால் அவருடைய வலக்கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. சாதாரண பிரஷின் மெல்லிய காம்பைப் பிடித்துத் தேய்க்க அவரால் இயலவில்லை. பல் மருத்துவரின் யோசனைப்படி, ஆறு மாதங்களுக்கு முன் இரண்டு ஏஏ செல்களில் இயங்கும் பிரஷ் ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். முதல் மாதம் எந்தக் குறையும் இல்லை. இப்போது புதுச் செல் போட்டாலும் ஐந்தாறு நாள்களில் வேகம் குறைந்துவிடுகிறது. பல்லில் வைத்துச் சற்று அழுத்தினால் நின்றே போகிறது. கேமராவுக்காக வாங்கி வைத்திருந்த ரீசார்ஜபிள் செல்களைச் சார்ஜ் செய்து போட்டுப் பார்த்தேன். முதல் நாளிலேயே இழுத்து இழுத்துத்தான் ஓடியது. அடிமூடியைத் திறந்தால், ஸ்பிரிங்கைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

இதையே சரிசெய்து பயன்படுத்தலாமா, அல்லது சார்ஜ் செய்யும் வகைக்கு மாறிவிடலாமா? எங்கள் ஊரில் மின்தடை அதிகம், குளியலறையில் பிளக் பாயின்ட்டும் கிடையாது என்பதால்தான் தயங்குகிறேன். அமெரிக்காவில் இருக்கும் அக்கா, அங்கிருந்தே நல்லதாக ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறாள்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

ரீசார்ஜபிள் செல்லிலும் முதல் நாளே திணறியது என்று சொன்னீர்களே, அதுதான் இங்கே நல்ல துப்பு. அந்தச் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால், 1.5 வோல்ட் செல்லைவிட வேகம் ஓரளவு குறைவது இயல்பு. ஆனால் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அது தாராளமாகக் கொடுக்கும், தீரும் வரை ஏறக்குறைய ஒரே சீராகவும் ஓட்டும். அதைப் போட்டும் பிரஷ் நிற்கிறது என்றால், குறை செல்லில் இல்லை. ஸ்பிரிங்கில் பூத்திருக்கும் அந்த வெள்ளைப் படிவு மின்சாரம் செல்லும் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அது பழைய செல் கசிந்த எச்சம். எந்த வகைச் செல் கசிந்தது என்பதைப் பொறுத்துத் துடைக்கும் முறை மாறும். ஆல்கலைன் செல் என்றால் கசிந்தது காரம். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைக்கலாம். சாதாரண துத்தநாக-கார்பன் செல் என்றால் கசிவு அமிலத்தன்மை உடையது. சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். இரண்டிலும், பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, உப்புத்தாளால் ஸ்பிரிங்கின் நுனியை லேசாகத் தேய்த்து விடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி: செல்லை எங்கே வாங்குகிறீர்கள், அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது?

சாரல்வீடு எழுதியது:

தெருமுனைப் பெட்டிக்கடையில்தான் வாங்குகிறேன், ஐயா. சுவர்க் கடிகாரத்துக்கும் அதே செல்தான். ஆல்கலைன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பழைய ஃபிட்டர் எழுதியது:

அப்படியானால் அது துத்தநாக-கார்பன் செல்தான், சோடாவையே பயன்படுத்துங்கள். கடிகாரத்துக்கு அது போதும். கடிகாரம் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் குடிக்கும், அதனால் ஓராண்டு கூட ஓடும். மோட்டார் அப்படியல்ல, ஒரே மடக்கில் இழுக்கும். அந்த இழுப்புக்கு இந்தச் செல்லின் மின்னழுத்தம் உடனே சரிந்துவிடும். ஆல்கலைன் செல்லையும் இதையும் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்துப் பாருங்கள், ஆல்கலைன் கனமாக இருப்பது கைக்கே தெரியும். காலை இரண்டு நிமிடம், இரவு இரண்டு நிமிடம் என்றால் மாதத்துக்கு மொத்தம் 2 மணி நேர ஓட்டம்தான். நல்ல ஆல்கலைன் செல்லுக்கு அது பெரிய வேலையே இல்லை. அடிமூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது பிதுங்கியோ வெடித்தோ இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். எத்தனை முறை துடைத்தாலும் துரு திரும்ப வரும்.

வேப்பங்குச்சி எழுதியது:

நான் பல் மருத்துவத் துறையில் இருப்பவள். செல்லைப் பற்றிய விளக்கம் சரியானது. ஆனால் அப்பாவின் நிலையை வைத்துப் பார்த்தால், நான் சார்ஜ் செய்யும் வகையையே சொல்வேன். செல் தீரத் தீர, செல் பிரஷின் வேகம் மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். இன்றைய வேகம் நேற்றைவிடக் குறைவு என்பது தேய்ப்பவருக்குத் தெரியாது, அதனால் செல்லை மாற்ற வேண்டிய நாளைத் தாண்டிப் பல வாரங்கள் ஓட்டிவிடுவார்கள். வேகம் குறையும்போது கை தானாகவே அழுத்தத் தொடங்கும். முடக்குவாத விரல்களுக்கு அது வீண் சிரமம், ஈறுக்கும் நல்லதல்ல. சார்ஜ் வகையில் பெரும்பாலானவற்றில் இரண்டு நிமிடக் கணக்கு உண்டு. சிலவற்றில் 30 நொடிக்கு ஒரு முறை அதிர்ந்து அடுத்த பக்கத்துக்கு மாறச் சொல்லும், அதிகம் அழுத்தினால் எச்சரிக்கும்.

எலக்ட்ரிக் பிரஷால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒன்று: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் 56 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வில், மூன்று மாதங்களுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம், சாதாரண பிரஷைவிடப் பற்படலம் (பல்லில் படியும் கிருமிப் படிவு) 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தன. சுழன்று திரும்பும் வட்டத் தலை கொண்ட வகைக்கே அதிகச் சான்றுகள் இருந்தன. அதற்காக விலை உயர்ந்த மாடலைத் தேடி ஓட வேண்டாம். ஐந்தாறு விதமாக ஓடும் பிரஷில் பெரும்பாலானோர் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வாங்கும் முன் மாற்றுத் தலை உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலையை மாற்ற வேண்டும். தலை கிடைக்காத பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான்காம் மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், இதய மருத்துவரைக் கேட்காமல் சார்ஜ் வகையை வாங்காதீர்கள்.

கடல்கடந்தவன் எழுதியது:

அக்கா வாங்கி வரும் யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன். அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அங்கே விற்கும் சில சார்ஜர்கள் 120-க்கு மட்டுமே ஆனவை. நான் அம்மாவுக்குக் கொண்டுவந்ததை வெறும் பின் அடாப்டரில் செருகினேன்; பத்து நிமிடத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது, அதோடு சரி. பின் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சார்ஜரின் அடியில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

மின்தடையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஒரு முறை முழுதாகச் சார்ஜ் ஏறினால் பெரும்பாலான பிரஷ்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். சார்ஜரைக் குளியலறையில் வைக்கவே வேண்டாம்; கூடத்து அலமாரியில் வைத்துப் பிரஷை மட்டும் எடுத்துச் செல்லலாம். சார்ஜர் முளையில் பிரஷின் அடிக்குழி உட்காரும் மாடலாகப் பாருங்கள். அதில் உலோகத் தொடுமுனையே கிடையாது. இரண்டுக்குள்ளும் இருக்கும் கம்பிச்சுருள்கள் காந்தப்புலத்தின் வழியாகவே மின்சாரத்தைக் கடத்துகின்றன. செருகும் துளை இல்லாததால் தண்ணீர் இறங்கவும் வழியில்லை. ஒரே குறை, உள்ளே இருக்கும் பேட்டரியை நாம் மாற்ற முடியாது. சில ஆண்டுகளில் அது ஓய்ந்தால் பிரஷே போயிற்று. குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சாரல்வீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சோடா வைத்துத் துடைத்து, ஆல்கலைன் செல் போட்டதும் பிரஷ் புதிது போல ஓடியது. அப்பாவுக்கு வாங்கிய நாளின் சத்தம் திரும்ப வந்துவிட்டது. ரப்பர் வளையம் ஓரிடத்தில் வெடித்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, இத்தனை நாள் நான் கவனிக்காத ஒன்றை நேற்றுக் கண்டேன்: அடிமூடியை அவரால் திருக முடியவில்லை, வேட்டி நுனியால் பிடித்துத் திருகப் பார்த்துவிட்டு, நான் வரும் வரை பேசாமல் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் செல் மாற்ற அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

பேஸ்மேக்கர் எதுவும் இல்லை. அதனால், டவுனில் மாற்றுத் தலை கிடைக்கும் மாடலாகப் பார்த்து, வட்டத் தலை கொண்ட சார்ஜ் பிரஷ் ஒன்றை இங்கேயே வாங்கிவிட்டேன். கடையில் டப்பாவைப் பிரிக்கச் சொல்லி, பொத்தானை அவரையே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்ன பிறகுதான் பணம் கொடுத்தேன். முதலில் காட்டிய மாடலின் பொத்தான் அவருக்கு அழுத்த வரவில்லை. பழைய பிரஷைச் செல்லைக் கழற்றி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது அதுதான் உடன் வரும்.

ஒரு சின்னச் சந்தேகம் மிச்சம்: பிரஷை எப்போதும் சார்ஜரிலேயே நிறுத்தி வைக்கலாமா?

கடல்கடந்தவன் எழுதியது:

வைக்கலாம், நிரம்பியதும் அதுவே நிறுத்திக்கொள்ளும். ஆனால் ஈரத்தோடு வைக்காதீர்கள். முளையைச் சுற்றிப் பேஸ்ட்டும் தண்ணீரும் சேர்ந்து பிசுக்குப் பிடிக்கும். வாரம் ஒரு முறை, பிளக்கைக் கழற்றிய பிறகு, அந்த முளையையும் பிரஷின் அடிக்குழியையும் துடைத்து விடுங்கள்.