வேலை கடல் கடந்தால் உள்ளூர்க் கூலி என்னவாகும்?

வைகைக்கரையான்:
வெளிநாட்டுக்கு வேலைகளை மாற்றியதே அமெரிக்கத் தொழிலாளியின் ஊதியத்தைக் கெடுத்தது என்று நேற்று இத்திரியில் ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. 2000-இல் ஏறத்தாழ 1 கோடியே 73 லட்சம் பேர் இருந்த அந்நாட்டு உற்பத்தித் துறையில் 2010-இல் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேரே எஞ்சினர் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்தாண்டுக்குள் தானியங்கி இயந்திரங்களும் வந்தன, 2008-இன் நிதி நெருக்கடியும் வந்தது. ஒரு பணியின் சில பகுதிகளை மட்டும் வெளியே அனுப்பும்போது நிறுவனத்தின் செலவு குறைந்து, எஞ்சியுள்ள உள்ளூர்த் தொழிலாளியின் ஊதியம் உயரவும் கூடும் என்று கிராஸ்மன், ரோஸ்ஸி-ஹான்ஸ்பெர்க் என்ற பொருளியலாளர்கள் 2008-இல் வாதிட்டனர். மதுரை இலந்தைக்குளம் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகத்தில் நம் பிள்ளைகள் பார்க்கும் வேலையும் இப்படி வெளியே அனுப்பப்பட்ட பகுதிதான். அதனால் இரு பக்கத்துக்கும் நன்மை உண்டு.

ஆரப்பாளையம் ஆலைத் தொழிலாளி:
தம்பி, 'உயரக்கூடும்' என்பது ஏட்டுக் கணக்கு. நடந்ததை அளந்து பார்த்தவர்கள் ஆட்டர், டோர்ன், ஹான்சன் ஆகிய பொருளியலாளர்கள் மூவர். சீன இறக்குமதி 1990 முதல் 2007 வரை அமெரிக்காவின் எந்தெந்த வட்டாரங்களை எவ்வளவு தாக்கியது என்று பிரித்துப் பார்த்து, உற்பத்தித் துறை வேலை இழப்பில் ஏறத்தாழ கால் பங்குக்கு அதுவே காரணம் என்று 2013-இல் வெளியிட்டார்கள். மீதி முக்கால் பங்குக்கு வேறு காரணங்கள் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஊதியத்தைப் பற்றி அவர்கள் கண்டது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. தொழிற்சாலைக்குள் இருந்தவர்களின் சராசரி ஊதியம் பெரிதாகக் குறையவில்லை. தொழிற்சாலைக்கு வெளியே கடைகளிலும் சேவைப் பணிகளிலும் இருந்தவர்களின் ஊதியமே குறைந்தது.

இதன் காரணம் ஆலையில் ஆட்குறைப்பைப் பார்த்த எவருக்கும் புரியும். குறைந்த கூலிக்காரர்கள் முதலில் வெளியேற்றப்பட்டால், உள்ளே எஞ்சியவர்களின் சராசரி சரியாமல் இருப்பதுபோலத் தோன்றும். வெளியேறியவர்களோ ஜவுளிக்கடையிலும் உணவகத்திலும் போய் நிற்பார்கள்; அங்கே ஏற்கெனவே இருந்தவரின் கூலியும் அதனால் இறங்கும். ஆலைச் சம்பளம் புழங்கிய தெருக்களில் வியாபாரமும் படுத்துவிடும். ஆகவே வேலையை இழந்தவரை மட்டும் எண்ணினால் பாதிப்பின் பாதிகூடத் தெரியாது.

வைகைக்கரையான்:
ஐயா, உங்கள் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஓரூரின் இழப்பைத் தடுக்க இன்னோர் ஊரின் வாசலை அடைக்க முடியுமா? ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியை நூலால் வளர்த்தது கோட்ஸ் நிறுவனம். நம்மூர் நூற்பாலையான மதுரா மில்ஸ் 1974-இல் அதனுடன் இணைந்துதான் மதுரா கோட்ஸ் ஆனது. பெய்ஸ்லியின் ஆங்கர் ஆலை 1993-இல் மூடப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் 'எங்கள் நூற்பு வேலை எங்களுக்கே' என்று சட்டம் கேட்டிருந்தால் நாம் அதை நியாயம் என்போமா? வேலை இழந்தவருக்கு ஈடு தருவதே சரியான வழி. அமெரிக்காவில் 1962-லேயே அதற்குச் சட்டம் இயற்றினார்கள்.

ஆரப்பாளையம் ஆலைத் தொழிலாளி:
அந்தச் சட்டத்தில் பிறந்த ஈட்டுத் திட்டம் 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்கவில்லை. அது நடந்த காலத்திலும் பாதிக்கப்பட்ட வட்டாரங்களுக்குப் போன அரசுப் பணத்தில் அதன் பங்கு மிகச் சிறியது. மருத்துவ உதவியும் உடல் இயலாமை உதவித்தொகையும்தான் ஏறின. ஆலையில் உழைத்தவர் நோயாளி என்று எழுதிக் கொடுத்துப் பிழைக்க வேண்டியிருந்தது என்றால், அதை ஈடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சிலைமான் தையற்கூடம்:
நான் ஏற்றுமதி ஆடைகளுக்குத் தையல் வேலை எடுத்துச் செய்யும் சிறிய கூடம் நடத்துகிறேன். இருவரும் வேலை போன பிறகு நடப்பதையே பேசுகிறீர்கள். கூலி உயர்வு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது என்பது என் அனுபவம். ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1-இல் முடிந்ததும் வாங்குபவர் எந்த நாட்டிலும் தைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. வங்கதேச ஆடைகள் ஐரோப்பாவுக்குள் இறக்குமதித் தீர்வையின்றிப் போகின்றன. நம் ஆடைகளுக்குத் தீர்வை உண்டு. ஆர்டர் தருபவர் 'டாக்காவில் இந்த விலைக்குக் கிடைக்கிறது' என்று சொன்னாலே போதும். என் தையற்காரப் பெண்களுக்குப் பீஸ் ரேட்டை (ஓர் ஆடைக்கு இவ்வளவு என்ற கூலியை) உயர்த்தும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஆர்டர் இங்கேயேதான் இருக்கும்.

அதனால் என் பெண்களின் கூலி டாக்காக்காரியின் கூலியோடு கட்டப்பட்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 2013-இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்கூடங்கள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்ட பிறகு அங்கே குறைந்தபட்ச மாதக் கூலி 5,300 டக்கா (வங்கதேச நாணயம்) ஆனது. 2018-இல் 8,000, 2023-இல் 12,500. அந்தப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் அதைப் பெற்றார்கள். அங்கே கூலி ஏறும்போது, இங்கே விலை பேச எனக்கும் சிறிது இடம் கிடைக்கிறது. வாசலை அடைப்பதா திறப்பதா என்று வாதிடும் பெரியவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.