தாழ்ந்த நிலம் என்று நினைத்தால் மலை

குழு: காரைக்கால் வீடு

மீனா (பாரிஸ்): அம்மா, பிப்ரவரி லீவுக்கு குவாதலூப் டிக்கெட் போட்டுவிட்டோம். ஓர்லியிலிருந்து எட்டு, எட்டரை மணி நேரம்.

அம்மா: அது எந்த நாடு? விசா?

மீனா: கரீபியன் தீவு. ஆனால் பிரான்ஸ்தான் அம்மா, காசும் யூரோதான்.

பெரியப்பா: எந்தப் பக்கம் தங்குகிறீர்கள்? வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு இறக்கை. நடுவில் ஓடும் கால்வாய்க்குப் பேரே உப்பாறுதான்!

மீனா: பாஸ் தேர் இறக்கையில், த்ருவா ரிவியேர் ஊர். பாஸ் தேர் என்றால் தாழ்ந்த நிலம்தானே, பிள்ளைகள் மணலில் விளையாடலாம் என்று போட்டேன்.

பெரியப்பா: 😄 அந்தப் பக்கம்தான் மலை. சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். பேர் கப்பல்காரர்கள் வைத்தது, காற்று மறைவான பக்கத்தை அப்படிச் சொல்வார்கள். 'பெரிய நிலம்' என்று பேர் வாங்கிய கிராந் தேர்தான் இரண்டில் சின்னது, தட்டையானதும் அதுதான். வெள்ளை மணல் அங்கே. உங்கள் ஊரில் கறுப்பு மணல்.

அம்மா: எரிமலையா???? கேன்சல் பண்ணு

கார்த்தி: 1976இல் புகைந்தபோது 70,000 பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தார்களாம். கடைசியில் பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை.

அம்மா: அதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்துகிறாயா?

மீனா: பெரியப்பா, ரூமை மாற்றிவிடவா?

பெரியப்பா: மாற்றாதே மா. பக்கத்து ஊர் கப்பேஸ்தேர். அங்கே ஷாஞ்சியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 'மாலியேமேன்' என்பார்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1854 டிசம்பரில் நம் ஊர்ப் பக்கத்து ஆட்களோடு முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1889 வரை 40,000க்கு மேல் போனார்கள். புதுச்சேரியில் ஏறியவர்களும் உண்டு, நம் காரைக்காலில் ஏறியவர்களும் உண்டு. அந்தக் கப்பேஸ்தேரில் பிறந்தவர்தான் ஹென்றி சிதம்பரம். இந்திய வம்சத்தாருக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904இல் ஆரம்பித்த வழக்கு, 1923 வரை இழுத்தது.

கார்த்தி: பெரியப்பா டைப் பண்ணும்போது டீ குடித்துவிட்டு வந்தேன் 🙈

மீனா: அங்கே தமிழ் பேசுவார்களா?

பெரியப்பா: வீட்டில் கிரியோல், அதாவது பிரெஞ்சு கலந்த தீவுப் பேச்சு; ஆபீசில் பிரெஞ்சு. ராமசாமி, முத்துசாமி என்று பேர் மட்டும் தங்கிவிட்டது. கோயிலில் தமிழ்ப் பாட்டு உண்டு, பொருள் தெரியாமலே பாடுகிறவர்கள் நிறைய. அதைக் கேட்டால் நமக்குத் தொண்டை அடைக்கும்.

கார்த்தி: அக்கா, சில மாதங்களில் கிழக்குக் கரையில் பழுப்புக் கடற்பாசி ஒதுங்கி அழுகின முட்டை மாதிரி நாறுமாம். போகும் முன் பார்த்துக்கொள். த்ருவா ரிவியேரிலிருந்து லே சேந்த் தீவுகளுக்கு போட் போகிறது, அதை விடாதே.

அம்மா: சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீர்கள்?

மீனா: 'கொலம்போ' என்று ஒன்று, அம்மா. நம் குழம்புதான் அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். பொடியில் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு.

அம்மா: கடுகை அரைத்தா போடுகிறார்கள்? தாளிக்க மாட்டார்களா?

மீனா: 170 வருஷம் ஆகிவிட்டதே அம்மா 🤷‍♀️

அம்மா: சரி, எனக்குக் கால் கிலோ வாங்கிக்கொள். எரிமலைப் பக்கம் மட்டும் போகாதே.

மீனா: ஹோட்டலே அதன் அடியில்தான் அம்மா

அம்மா: 😡