தொட்டுப் பார்த்தாலும் மணந்து பார்த்தாலும் ஒரே அளவுதான் ஞாபகம் நிற்கிறது, ஏன்?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி):
தரம் 5 பிள்ளைகள் 30 பேர். மேசையில் 20 வீட்டுச் சாமான், 1 நிமிடம். பாதிப் பேர் பார்க்க மட்டும், மற்றவர்கள் தொட்டு, தட்டி, மணந்து பார்க்க. துணியால் மூடிவிட்டுப் பெயர்களை எழுதச் சொன்னால் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. எங்கே பிழை?

கல்லடி நண்டு:
முதல் பிழை நேரம். சாமானுக்கு 3 செக்கன்தான் வருகிறது. கண்ணுக்கு அது தாராளம்: உளவியல் ஆய்வாளர் பிராடி குழுவினர் 2008இல் 2500 பொருட்களின் படங்களைத் தலா 3 செக்கன் காட்டினார்கள். பிறகு கண்டதையும் காணாததையும் சோடியாக வைத்துக் கேட்க, 92 வீதம் சரி. கைக்கு 3 செக்கனில் 'இது சிரட்டை' என்று தெரியும், அவ்வளவுதான். சொரசொரப்பு அறிய உரச வேண்டும், இறுக்கம் அறிய அமத்த வேண்டும், பாரம் அறிய ஏந்த வேண்டும், வடிவம் அறிய ஓரத்தை விரலால் சுற்றிவர வேண்டும். 2018இல் ஹுட்மாக்கர், குப்பண்ட்னர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் கண்ணைக் கட்டிவிட்டு 168 சாமான்களைத் தலா 10 செக்கன் தொடவிட்டார்கள். உடனே சோதித்ததில் 94 வீதம் சரி. 12 சாமான், தலா 10 செக்கன் வையுங்கள். பார்க்கிற குழுவுக்கும் அதே 10 செக்கன், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது நேரத்தை.

மருதமுனைத் தறி:
கேள்வியும் பிழை. 'அகப்பை' என்று எழுதக் கண்டதே போதும். தொட்டதால் கிடைத்தது பெயரில் ஏறாது. இரண்டு அகப்பையை நீட்டி 'மேசையில் இருந்தது எது?' என்று கேளுங்கள். ஒன்று பாரம் கூடியதாக இருக்கட்டும்.

மணத்தைக் குறையுங்கள். கருவாடும் கறுவாவும் சித்தாலேபத் தைலமும் ஒரே மேசையில் இருந்தால் எல்லாம் கலந்து மூக்கு மரத்துவிடும். மூடி போட்ட போத்தலில் மூன்று போதும், இடையில் அரை நிமிடம் விடுங்கள். சத்தம் அந்தச் சாமானின் சத்தமாகவே இருக்க வேண்டும். போன் 'பீப்' உதவாது.

வாவிக்கரை:
கண்ணால் படிக்கிற பிள்ளை, கையால் படிக்கிற பிள்ளை என்று குழு பிரிக்கவா?

கல்லடி நண்டு:
வேண்டவே வேண்டாம். உளவியல் ஆய்வாளர் பாஷ்லர் குழுவினர் 2008இல் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்துப் படிப்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தார்கள். 15க்கு 15 என்று பிரித்தால் கெட்டிக்காரர் ஒரு பக்கம் கூடிவிடவும் இடமுண்டு. எல்லாருக்கும் இரண்டும் கொடுங்கள்: 12 சாமான்கள் கொண்ட இரண்டு தொகுதி, பாதிப் பேருக்கு முதலாவது பார்க்க, மீதிப் பேருக்கு அதுவே தொட; இரண்டாவதில் மாற்றிவிடுங்கள். அடுத்த கிழமை சொல்லாமல் திரும்பக் கேளுங்கள்.

மருதமுனைத் தறி:
தொடுகிற தொகுதியில் தேங்காய்த் திருவலை மட்டும் வேண்டாம். பல்லு கையைக் கிழிக்கும்.