சாரமா, சட்டகமா: எலும்பு வளர்க்கும் அச்சுப்பொருளுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் வகுப்புக்கான குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டியிருப்பதால், எலும்பு இழந்த இடத்தில் வைக்க அச்சிடப்பட்டு, தன்னுள் உள்ள மருந்தை மெல்ல வெளிவிட்டபடி புது எலும்பு வளர இடம்தரும் ‘ஸ்கேஃபோல்டு’ என்ற பொருளுக்குத் தமிழ்ச்சொல்லாக வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தக்கலை ஐயா முன்மொழிந்த ‘பத்தை’, நம் மாவட்டத்து வர்ம ஆசான்கள் முறிவுக்கு மூங்கில் வைத்துக் கட்டும்போது புழங்கும் சொல் என்பதால் எனக்கும் அதன்மேல் பற்று உண்டு. ஆனால் பத்தை தோலுக்கு வெளியே நின்று, எலும்பு கூடியதும் அவிழ்க்கப்படுவது. இன்னொரு பரிந்துரையான ‘தாங்கி’ மருந்தைச் சுமப்பதை மட்டுமே சொல்கிறது. 2002இல் எலும்பு வளரத் தூண்டும் பி.எம்.பி-2 புரதத்தை முதுகெலும்பு அறுவைக்குப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் அளித்தபோது, அது கொலாஜன் என்ற புரத நாரால் ஆன பஞ்சில் ஊற வைக்கப்பட்டது. அந்தப் பஞ்சைத் தாங்கி எனலாம். எலும்பின் தாதுவை ஒத்த டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற சுண்ணாம்பு உப்பின் பசையை இழை இழையாக அடுக்கி அச்சிடும் இப்பொருளுக்கோ வடிவமும் வலுவும் உண்டு. ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அகன்ற துளைகள் வழியே ரத்தக் குழாய்கள் நுழைய, செல்கள் அந்த இழைகளைப் பற்றி, கொத்தனார் சாரத்தில் நின்று சுவர் எழுப்புவதுபோல் புது எலும்பைக் கட்டுகின்றன. ஆகவே ‘சாரம்’ என்பதே என் தெரிவு. இது தானே கரைவதால் ‘கரைசாரம்’ எனலாம். வினைத்தொகையாதலால் கரைந்த, கரைகின்ற, கரையும் என முக்காலமும் அடங்குவது, மாதக்கணக்கில் நடக்கும் அந்தக் கரைவுக்கு மிகப் பொருத்தம்.

இனி, அது மருந்தை வெளிவிடுவதைக் குறிக்கும் அடைமொழி. ‘மருந்து சுரக்கும்’ என்றால் அதுவே மருந்தை உண்டாக்குவதாகப் பொருள்படும். ‘கசியும்’ என்றால் பழுது தொனிக்கும். பெரும்பகுதி மருந்து முதல் நாளிலேயே வெளியேறிவிடாமல் தடுத்து, சீழ் பிடித்த எலும்புக்கு வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாரக்கணக்கில் கிடைக்கச் செய்வதுதான் இத்துறையின் பெரும்பாடு. ஆகவே ‘மருந்துவிடு கரைசாரம்’ என்று முன்மொழிகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து மறுமொழி:

ஐயாவுக்கு வணக்கம். வினைத்தொகை விளக்கத்தை மனமார ஏற்கிறேன், ‘சாரம்’தான் உறுத்துகிறது. நம் ஊரில் சாரம் என்றால் முதலில் இடுப்பில் உடுக்கும் கைலி. மருந்து என்று வந்துவிட்டால் நவச்சாரம் நினைவுக்கு வரும்; கரைசாரம் என்றால் கரைத்துக் குடிக்கும் ஏதோ உப்பு என்றே நோயாளி எண்ணுவார். அறுவைக்குக் கையொப்பம் வாங்கும் படிவத்தில் அந்தக் குழப்பம் ஆபத்தானது. நான் பரிந்துரைக்கும் ‘சட்டகம்’ வெறும் விளிம்பைத்தான் காட்டுகிறது என்று முன்பு தாங்கள் எழுப்பிய தடை நியாயமானதே. ஆயினும் உடலுக்குள் வைக்கப்படும் திடப்பொருள் என்பதாவது அதில் விளங்கும். பெரும்பான்மையினர் சாரத்தின் பக்கம் இருப்பதால் குறிப்பேட்டில் அதுவே வரட்டும். நான் மொழிபெயர்க்கும் படிவத்தில் ‘மருந்துவிடு கரைசட்டகம்’ என்றே எழுதுவேன்.